இரண்டாம் பாதி டிக்கெட்

கோபப்படாமல் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பினார்கள். நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்தால், பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறீர்கள்: ரசிகர்கள் கண்டபடி பேசினால் எப்படிச் சமாளிப்பது? இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, தம்பிகளா. தூத்துக்குடியில் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்பில் இரண்டாவது கோச்சாக இருந்தே தலை நரைத்தவன் நான். ரசிகர்கள் முன்னால் போய் நின்று ஏச்சு வாங்குவது என் வேலையில் பாதி. அவர்களைச் சமாளிப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கத்துவார்கள், டீ குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எதுவுமே நடக்காத மாதிரி இருப்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

எங்கள் கிளப் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்த வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக மைதானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கிழக்கு மேற்காகக் கிடக்கும். கிழக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் பெரிய கேலரி, அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கடல். எங்கள் லீக் நடக்கிற மாதங்களில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும். மத்தியானம் பிடித்தால் மண்ணை வாரிக் கண்ணில் அப்பும். மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் மேற்கு நோக்கி எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து பாதி வழியில் விழுந்துவிடும். கிழக்கு நோக்கி லேசாகத் தட்டினாலே போதும், கேலரிக்குப் போய்விடும்.

அதனால் கிளப்பில் ஒரு வழக்கம். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடுவோம். இரண்டாம் பாதியில், எதிராளி களைத்துப்போன நேரத்தில், காற்று எங்கள் பக்கம் இருக்கும். கோல்கள் கிழக்கு கேலரிக்கு முன்னால் விழும். இங்கே வந்து ஆடுவதற்கே வெளியூர் அணிகள் பயந்த காலம் உண்டு.

இதைக் கொண்டுவந்தவர் எங்கள் பழைய கோச். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை. அவர் சொல்வது ஒன்றுதான்: "முதல் பாதிதாம்லே நம்ம வேலை. ரெண்டாவது பாதி காத்தோட வேலை. காத்து அது வேலைய ஒழுங்காச் செய்யும். நீங்க செய்வியளா?" முதல் பாதியில் ஒரு கோல்கூட விடாமல் காப்பதற்காக எங்களை அந்தப் புழுதியில் போட்டு வறுத்தெடுப்பார்.

ஒரு ஆட்டத்தில் எங்கள் ஃபார்வர்டு ஒருவன் இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டான். அடுத்த ஆட்டத்தில் அவனை வெளியே உட்காரவைத்தார். அவனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு கோல் போட்டிருக்கேன் சார், என்னய எதுக்கு உக்கார வைக்கிய?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"கோல் போட்டது காத்து. முதல் பாதியில நடந்துக்கிட்டிருந்தியே, அதுதான் நீ" என்றார். அவன் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை, ஓடினான்.

இன்னொரு வழக்கமும் அவர் வைத்ததுதான். உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு கோச் கிழக்கு கேலரிக்குக் கீழே போய் ரசிகர்கள் முன்னால் நிற்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. அவர் இருந்தவரை அவரே போனார். பிறகு வந்த தலைமை கோச்சுகளுக்கு அது அசிங்கமாகப் பட்டது. "நீங்க உள்ளூர்க்காரர், நீங்களே போங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் போன பிறகு வந்தவர்கள் அவர் சொன்னதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். என்ன கேட்டாலும் "காத்து பாத்துக்கிடும்" என்பார்கள். எதிரணி நல்ல அணியாயிற்றே என்றால் காற்று பார்த்துக்கொள்ளும். ஆட்களுக்கு மூச்சு வாங்குகிறதே என்றால் அதையும் காற்று பார்த்துக்கொள்ளும். மூத்த ஆட்டக்காரர்கள் புழுதியில் கண் எரிகிறது என்றார்கள், உடனே பயிற்சியைக் காலை நேரத்துக்கு மாற்றினார்கள். காலையில் அங்கே ஒரு இலை அசையாது. காற்றை எதிர்த்து ஆடவேண்டியவர்கள் காற்றே இல்லாத நேரத்தில் பயிற்சி செய்துவிட்டு, ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடப் போனார்கள். இதைச் சொன்னதற்கு என்னைப் பழைய பஞ்சாங்கம் என்றார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்தது டிக்கெட். துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்களால் முதல் பாதிக்கு வந்து சேர முடியாது. அவர்களுக்காகக் கிளப் செயலாளர் இடைவேளைக்குப் பிறகு நுழைகிறவர்களுக்கு மட்டும் பாதி விலையில் ஒரு டிக்கெட் போட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டே வருடத்தில் ஊரே அந்த டிக்கெட்டுக்கு மாறிவிட்டது. கோல் விழுவது இரண்டாம் பாதியில், முதல் பாதியில் வந்து என்ன பார்க்க? முதல் பாதி முழுக்க கிழக்கு கேலரியில் காக்கா உட்கார்ந்திருக்கும். இடைவேளை விசில் ஊதியதும் கேட்டைத் திறப்பார்கள். கூட்டம் மேளத்தோடு உள்ளே வரும்.

காலி கேலரிக்கு முன்னால் தடுத்து ஆடிய பையன்களும் மெல்ல மெல்லத் தடுப்பதை விட்டார்கள். ஒரு கோல் வாங்கினால் என்ன, பிறகு இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பிறகு இரண்டு வாங்கினார்கள், மூன்று வாங்கினார்கள். காற்று எத்தனைதான் பார்த்துக்கொள்ளும்?

நான் சொல்லும் வருடத்தில், டிவிக்காக லீக் எல்லா ஆட்டங்களையும் சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றியது. எங்கள் ஊரில் பொழுது அடைந்தால் கச்சான் படுத்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில் காற்றே இருக்காது. அப்படியென்றால் டாஸ் ஜெயித்தால் முதல் பாதியிலேயே காற்றை நம் பக்கம் எடுக்க வேண்டும். அந்த வருடம் தொடங்குவதற்கு முன் கிளப்பின் ஏசி அறையில் நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

தலைமை கோச் சிரித்தார். வெளியூரிலிருந்து நல்ல சம்பளத்துக்கு வந்தவர், சட்டை கசங்காமல் இருப்பார். "இத்தனை வருஷ வழக்கத்தை ஒரு டைம்டேபிளுக்காக மாத்த வேண்டாம் சார்" என்றார்.

செயலாளர் என்னிடம், "ரெண்டாம் பாதி டிக்கெட் வாங்குனவன் கோல் பாக்காமப் போனா அடுத்த வாரம் வருவானாய்யா? கோல் கிழக்கால விழணும். அவ்வளவுதான் பேச்சு" என்றார். அந்த அறையில் எடுத்த முடிவு இது. நான் அங்கே இருந்தேன். எங்கள் கேப்டன் அங்கே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் சகாயம். மணப்பாட்டுப் பையன், தடுப்பாட்டக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து எங்கள் கிளப் ஒன்றில்தான் ஆடியிருக்கிறான். காலைப் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கச்சான் காற்றில் தலையால் பந்து தட்டிப் பழகுகிறவன் அவன் ஒருவன்தான். முப்பதைத் தாண்டிவிட்டான். அந்த வருடத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. கைக்குழந்தை வேறு. அடுத்து வேறு கிளப் எடுக்கவேண்டுமென்றால் பெயர் கெடாமல் இருக்கவேண்டும்.

அந்த வருடம் கேலரிக்குக் கீழே நடந்த சண்டைகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்தோணி அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மைக் தேவையில்லாத குரல். "ஏலே, சகாயத்துக்கு வயசாயிட்டு. கேப்டன மாத்துங்கங்கேன், எவன் கேக்கான்?" என்பார்.

உப்பு லாரி வைத்திருக்கும் பாஸ்கர் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் யூடியூபில் நேரலையாக விடுவான். "அண்ணாச்சி, கேப்டன் என்ன செய்வான்? முன்னால கோல் போட ஆளு இல்ல. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன எறக்கச் சொல்லுங்க" என்பான்.

"பிரேசில்காரன் வந்தாலும் இங்கன வந்து ஒரு மாசத்துல காத்து பாத்துக்கிடும்னு சொல்லப் பழகிருவான்." இது எஸ்தர் டீச்சர். நாசரேத்தில் கணக்கு டீச்சர், பஸ் ஏறி வந்து ஆட்டம் பார்க்கிறவர். "கெட்டுப்போனது ஆளு இல்ல அண்ணாச்சி, பழக்கம். ஜெயிச்சப்பவே கெட்டுப்போச்சு. அப்ப நீங்க யாரும் கேக்கல."

"ஜெயிக்கையில என்னத்தக் கேக்க?"

"அப்பதான் கேக்கணும்."

"ஒங்க பள்ளிக்கூடத்துல நூறு மார்க் எடுத்த பிள்ளையப் பிடிச்சி அடிப்பியளா டீச்சர்?" என்று பாஸ்கர் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்க மாட்டார். "பாத்து எழுதி நூறு எடுத்தா அடிப்பேன்" என்பார். நான் அங்கே கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, "அடுத்த ஆட்டத்துல பாத்துக்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். டீச்சர் பேசுவது ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரியும். கிளப் சம்பளம் வாங்குகிறவன் அதைக் கிளப்புக்கு வெளியே சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம், இல்லாவிட்டால் கீழே. மைதானத்துக்குள் இறங்கும் வழியில் சகாயம் என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, காத்து இப்பம் நல்லா இருக்கு. ஏழு மணிக்கு இருக்காது. டாஸ் கெடச்சா நான் மாத்தி எடுக்கட்டுமா?"

நான் "மாத்துடே" என்று சொல்லி முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைமை கோச் குறுக்கே விழுந்தார். "யாரும் எதையும் மாத்த வேண்டாம். பேசினது பேசினதுதான்." சகாயம் என் முகத்தைப் பார்த்தான். தலைமை கோச் பேச்சை ஆட்டக்காரன் மீறக்கூடாது, மீறினால் அணி இல்லை. அவன் டாஸ் ஜெயித்தான், சொன்னபடியே காற்றை எதிர்த்து நின்றான்.

முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கினோம். இடைவேளையில் கேட் திறந்தது. கூட்டம் மேளத்தோடு வந்தது. "ரெண்டுதானலே, இப்பம் பாரு" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். விளக்குப் போட்டார்கள், சூரியன் போயிற்று, கச்சானும் போயிற்று. கேலரியில் கட்டியிருந்த கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஆட்டம் முடியும் நேரத்தில் சகாயமே முன்னேறிப் போய்த் தலையால் ஒரு கோல் போட்டான். அத்தோடு சரி. கீழே விழுந்தோம்.

கேலரிக்குப் போகப் புறப்பட்டேன். செயலாளர் என்னை வராண்டாவில் நிறுத்தினார்.

"ஆளுங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. போய், டாஸ்ல பக்கத்த எடுத்தது கேப்டன், கிளப் விசாரிக்கும்னு சொல்லிரும். அடங்கிருவாங்க."

"அது பொய்யில்லா?"

"என்னய்யா பொய்? நடுவர்கிட்ட இந்தப் பக்கம்னு கை காட்டுனது அவன்தான? ஒரு பேரு கெடைக்காம இந்தக் கூட்டம் போகாது. ஒம்ம பேரச் சொல்லணுமா, என் பேரச் சொல்லணுமா?"

தோற்றதைவிட இது பெரிய கேவலமாக இருந்தது. ஒரு கிளப்பே சேர்ந்து வருடக்கணக்காகத் தூங்கும், கடைசியில் விழித்திருந்த ஒருவனைப் பிடித்து, நீதான் தூங்கினாய் என்று கொடுத்துவிடும். நான் கேலரியைப் பார்த்து நடந்தேன்.

கேலரிக்குக் கீழே நிற்க இடமில்லை. பாஸ்கர் செல்போனைத் தூக்கிவிட்டான். அந்தோணி அண்ணாச்சி முன்னால் நின்று, "டாஸ் போட்டது யாருலே? அவன வரச் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து சகாயம் வந்தான். ஆட்டக்காரர்கள் கேலரிக்கு வரும் வழக்கமே கிடையாது. பூட்ஸைக் கழற்றியிருந்தான், காலில் சாக்ஸ் மட்டும்.

"நான்தான் எடுத்தேன். ஏசணும்னா என்னய ஏசுங்க. மத்த பையன்மாரை விட்டுருங்க" என்றான்.

அவ்வளவுதான். செயலாளர் என் வாயால் சொல்லச் சொன்னதை அவன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். கூட்டம் ஓவென்று எழுந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். நான் பேசாமல் நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் வேலை இருந்திருக்கும். அவன் பெயர் அன்றைக்கே செத்திருக்கும்.

"நீ சும்மா இரு" என்று அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். "நமக்கு எதிரா இன்னைக்கு விழுந்த முதல் கோல, இந்தக் கேலரியில உக்காந்து பாத்தவங்க கையத் தூக்குங்க."

"அது எதுக்கு இப்பம்?" என்றான் பாஸ்கர்.

"தூக்குங்க. நேரலையில காட்டு."

எஸ்தர் டீச்சர் கையைத் தூக்கினார். அங்கங்கே சில கைகள் எழுந்தன. எண்ணிவிடலாம். மேளம் வைத்திருந்தவர்கள் கை எழவில்லை. பாஸ்கரின் இன்னொரு கை பேண்ட் பைக்குள்ளேயே இருந்தது.

"அண்ணாச்சி, ஒம்ம கை எங்க?" என்று அந்தோணி அண்ணாச்சியைக் கேட்டேன்.

"நான் ரெண்டாம் பாதி டிக்கெட்டுவே. எப்பவும் அப்படித்தான வாரேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

டீச்சர்தான் பேசினார். "அந்தக் கோல் விழுந்ததும் சகாயம் திரும்பி இந்தக் கேலரியப் பாத்தான். பெஞ்சு பெஞ்சா காலியாக் கெடந்திச்சு. கை தட்டி, பரவாயில்லப்பான்னு சொல்ல ஆளு இல்ல. எனக்கு அங்கன உக்காந்திருக்கவே வெக்கமா இருந்திச்சு."

அப்போதுதான் நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். எந்தப் பக்கம் ஆடுவது என்பது வருட ஆரம்பத்திலேயே கிளப்பின் ஏசி அறையில் எடுத்த முடிவு; சகாயம் அந்த அறையில் இல்லை, நான் இருந்தேன்; இன்றைக்குக்கூட மாற்றட்டுமா என்று கேட்டான், மாற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. அந்தோணி அண்ணாச்சி போகிறபோது சகாயத்தின் கையைப் பிடித்து என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

மறுநாளே சகாயத்தையும் என்னையும் வெளியே அனுப்பினார்கள். ரசிகர்களின் விருப்பத்தை மதித்து எடுத்த நடவடிக்கை என்று கிளப் அறிக்கை விட்டது. எந்த ரசிகன் கேட்டான்? அன்றைக்குக் கேலரியிலிருந்து போன ஒருவன்கூட அதைக் கேட்கவில்லை. தலைமை கோச் வேறொரு பெரிய கிளப்புக்குப் போய், ஜெயிக்கும் பண்பாட்டை வளர்ப்பது எப்படி என்று பேட்டி கொடுக்கிறார். செயலாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். இதையெல்லாம் கோபப்படாமல் சொல்லவேண்டுமாம்.

சகாயத்தைக் கேரளாவில் ஒரு கிளப் எடுத்தது. எடுப்பதற்கு முன் அவர்கள் கோச் எனக்குப் போன் போட்டார். டாஸ் விவகாரத்தை விசாரிக்கப்போகிறார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவர் பாஸ்கரின் நேரலையை ஏற்கெனவே முழுதாகப் பார்த்திருந்தார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜெயிக்கும்போது எது ஜெயிக்கவைத்தது என்று கேளுங்கள், எரிச்சல்படுவார்கள், படட்டும். ஒருநாள் உங்களையும் வராண்டாவில் நிறுத்தி, கூட்டத்திடம் கொடுக்க ஒரு பெயரைக் கையில் திணிப்பார்கள். வாங்காதீர்கள். வேலை போகும். போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்லவில்லை, எனக்குப் போனது, வீட்டில் பட்ட கஷ்டமும் எனக்குத் தெரியும்.

போன மாதம் துறைமுகச் சாலை டீக்கடையில் அந்தோணி அண்ணாச்சியோடு உட்கார்ந்திருந்தேன். மதுரைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் பக்கத்து பெஞ்சில் இருந்தார். பேச்சுவாக்கில், "உங்க ஊர் டீம் அந்தக் கேப்டனாலதான கீழ போச்சு?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கிளாஸை மேசையில் வைத்தார். "யாருவே சொன்னது? அந்தப் பையன் அன்னைக்கு முழு நேரமும் நின்னு ஆடுனான். தோத்தது நாங்க" என்றார்.